கேட் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடங்குது, வீடியோ கால்ல தெரபி பண்ணா சரியாகுமா?

கேள்வி சுருக்கமா இதுதான்: 36 வயசு, அடிக்கிற புருஷன விட்டு வந்து மூணு வருஷம் ஆச்சு, இப்ப சிங்கப்பூர் ஈசூன்ல அம்மா வீட்டுல ஏழு வயசு பையனோட இருக்காங்க. ராத்திரி பக்கத்து வீட்டு இரும்பு கேட்ட யாராச்சும் திறந்தா கூட உடம்பு நடுங்குது, தூக்கம் போயிடுது, லிஃப்ட்ல தெரியாத ஆம்பள ஏறினா இவங்க இறங்கிடுறாங்க. நேர்ல போய் உக்கார நேரமும் இல்ல தைரியமும் இல்ல. ஆன்லைன் தெரபி நெசமாவே வேலை செய்யுமா, எந்த வகை நல்லது, ஆப் மட்டும் போதுமா, தமிழ்ல கிடைக்குமா, முதல் நாளே எல்லாத்தையும் சொல்லணுமா?

தங்கச்சி, லிஃப்ட்லேர்ந்து இறங்கிடுறேன்னு எழுதிட்டு பக்கத்துலயே "பைத்தியக்காரத்தனமா இருக்கும், தப்பா நினைக்காதீங்க"ன்னு போட்டிருந்தீங்க. நான் ஒண்ணும் நினைக்கல. அந்த வீட்டுல கேட் திறந்தா அடுத்த பத்து செகண்டுல என்ன நடக்கும்னு உங்க உடம்பு வருஷக்கணக்கா படிச்சு வச்சிருக்கு. வீடு மாறினது உங்களுக்கு தெரியும், உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லல.

நான் கவுன்சலிங் வேலைல பதினாலு வருஷமா இருக்கேன். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி சர்க்கியூட் பிரேக்கர், அதாவது இங்க கொரோனா ஊரடங்கு, ஆரம்பிச்சப்பதான் வேற வழியில்லாம வீடியோவுக்கு மாறினேன், அதுவரைக்கும் யாராச்சும் ஆன்லைன்ல பண்ணலாமான்னு கேட்டா டிவில சாமி கும்பிடுற மாதிரின்னு கிண்டல் பண்ணவ நான்தான். இன்னிக்கு என்கிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஸ்க்ரீன்லதான் பாக்குறேன். கீழ நான் சொல்ற ஆளுங்களோட விவரமெல்லாம் அடையாளம் தெரியாத மாதிரி மாத்தினது, ரெண்டு மூணு பேர ஒண்ணா சேத்தது.

வேலை செய்யுமான்னா, செய்யும். பிரிட்டன்ல ஒரு பரிசோதனை பண்ணாங்க, 2022ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல வந்துச்சு. பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் விடாம தொடர்ற மனப்பாதிப்பு, இருக்கிற 196 பேர ரெண்டா பிரிச்சு, பாதி பேருக்கு நேர்ல உக்கார வச்சு வழக்கமான தெரபி, மீதி பேருக்கு எட்டு படி உள்ள ஒரு ஆன்லைன் ப்ரோக்ராம், அதுகூட தெரபிஸ்ட் கொஞ்ச நேரம் மட்டும் துணைக்கு, மொத்தமா மூணு மணி நேரம் வரைக்கும்தான். 16 வாரம் கழிச்சு பாத்தா ஆன்லைன் கூட்டம் நேர்ல போன கூட்டத்த விட மோசமா இல்ல. ஆனா இத படிச்சிட்டு உடனே குதிக்காதீங்க, அதுல இருந்தவங்களுக்கு ஒரே ஒரு சம்பவத்தால, ஒரு விபத்து இல்ல ஒரு தாக்குதல் மாதிரி, லேசா நடுத்தரமா வந்த பிடிஎஸ்டி. உங்களோடது வருஷக்கணக்கா, அதுவும் நம்பி கட்டிக்கிட்ட ஆளால நடந்தது. அதனால படிச்சு பட்டன் தட்டுற ப்ரோக்ராம் மட்டும் உங்களுக்கு பத்தாதுன்னு நினைக்கிறேன், வாராவாரம் ஒரே மனுஷி உங்க முகத்த பாக்கணும். ஸ்க்ரீன்ல பாத்தாலும் சரி.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா இது புரிஞ்சா எந்த வகை தெரபின்னு தேர்ந்தெடுக்குறது ஈஸி. மூளைல அமிக்டலான்னு பாதாம்பருப்பு சைஸ்ல ஒண்ணு இருக்கு (அந்த பேருக்கே கிரேக்கத்துல பாதாம்னுதான் அர்த்தம்), ஆபத்து மணி அடிக்கிறது அதோட வேலை. பக்கத்துல ஹிப்போகேம்பஸ், அது ஒரு சம்பவத்துக்கு இடம் தேதி எல்லாம் போட்டு ஃபைல் பண்ணி வைக்கிற கிளார்க் மாதிரி. உயிர் பயத்துல இருக்கிறப்ப மணி அடிக்கிறவன் ஓவர்டைம் பாக்குறான், கிளார்க் சரியா வேலை செய்றதில்ல. அதனால அந்த ஞாபகம் தேதி முத்திரை குத்தாமலே உள்ள கிடக்கு, ஒரு கேட் சத்தம், ஒரு ஷேவிங் லோஷன் வாசன போதும், "அப்ப நடந்துச்சு"ன்னு இல்லாம "இப்ப நடக்குது"ன்னு எழுந்து வந்துடும். நம்ம ஊரு பேச்சுல வயித்துல புளிய கரைக்குதும்பாங்களே, அட்ரினலின் ஏறி ரத்தமெல்லாம் குடல விட்டு கை காலுக்கு ஓடுறப்ப வயிறு அப்படித்தான் பண்ணும், சும்மா சொல்லி வைக்கல நம்ம பாட்டிங்க.

இதுலதான் ஆன்லைனோட சங்கதி இருக்கு. என் ஆபீஸ் ரூம்ல மெத்து மெத்துன்னு சோஃபா இருக்கு, ஏர்கான் இருக்கு, டிஷ்யூ பெட்டி இருக்கு, ஆனா உங்க கேட் இல்ல. நீங்க அங்க வந்து நல்லா பேசிட்டு போயிடுவீங்க, ராத்திரி பதினோரு மணிக்கு கேட் சத்தம் கேக்குறப்ப நான் இருக்க மாட்டேன். வீடியோல அப்படி இல்ல, பயம் எங்க குடியிருக்கோ அங்கயே நாம ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். அதே சமயம், உடைஞ்சு போறதும் அந்த வீட்டுக்குள்ளதான் நடக்கும், கதவ மூடிட்டு எம்ஆர்டி ரயில்ல நாப்பது நிமிஷம் உக்காந்து ஆறிட்டு வீட்டுக்கு வர்ற வசதி கிடையாது. கால் முடிஞ்ச அடுத்த நிமிஷம் பையன் வந்து ஸ்பெல்லிங் கேப்பான். நான் இனிமே சொல்றதெல்லாம் இந்த ரெண்டையும் மனசுல வச்சுதான்.

இந்த கேட் சத்தத்த வச்சே ஒருத்தங்களோட வேலை செஞ்சேன், அவங்க வீடு உட்லண்ட்ஸ்ல. முதல் நாலு வாரம் கேட் பக்கமே போகல, மூச்சு, உடம்ப நிதானத்துக்கு கொண்டு வர்றது, இது மட்டும். அப்புறம் அவங்களையே ஹேண்ட்ஃபோன்ல அவங்க வீட்டு கேட் சத்தத்த ரெக்கார்ட் பண்ண சொன்னேன், சாவி போடுறது, தாழ்ப்பாள் இழுக்குறது, அந்த கிரீச், அப்புறம் டங்குன்னு இடிக்கிறது, மொத்தம் ஆறு செகண்ட். பகல் ரெண்டு மணிக்கு, வால்யூம் ரொம்ப கம்மியா, நான் ஸ்க்ரீன்ல இருக்கேன். பயம் எவ்வளவுன்னு பூஜ்யத்துலேர்ந்து நூறு வரைக்கும் நம்பர் சொல்ல சொல்றதுதான் வழக்கம், அவங்களுக்கு அது வரவே இல்ல, எல்லாத்துக்கும் "ஒரு அம்பது இருக்கும்கா"தான். ஒரு நாள் அவங்களே "அக்கா, நேத்து எலுமிச்சம்பழ அளவு புளிக்கா, இன்னிக்கு நெல்லிக்காய் அளவுதான்"னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம், ஆனா அதுலேர்ந்து அதான் எங்க அளவுகோல். கோலிக்குண்டு அளவுக்கு வந்தா வால்யூம ஒரு கோடு ஏத்துவோம். அப்புறம் ஃபோன ஹால்ல ஸ்டாண்டுல வச்சிட்டு அவங்களே போய் நெசமான கேட்ட திறந்து மூடுறது, அப்புறம் அவங்க தங்கச்சி வெளியிலேர்ந்து திறக்குறது, கடைசியா ராத்திரி. பதினாலு வாரம் ஆச்சு. கேட் சத்தம் பிடிச்சு போச்சுன்னு சொல்ல மாட்டேன், "யாரோ வர்றாங்க, யாருன்னு பாப்போம்"னு நினைக்கிற அளவுக்கு வந்துச்சு. இந்த வேலைய என் ஆபீஸ் சோஃபால உக்காந்து செஞ்சிருக்கவே முடியாது.

இது எக்ஸ்போஷர் வகை. எட்னா ஃபோவான்னு ஒரு அம்மா முறைப்படுத்தினது, ஞாபகத்த விட்டு ஓடாம கொஞ்சம் கொஞ்சமா அதுகிட்ட போறது. அதோட முழு வடிவத்துல நடந்தத நீங்க கண்ண மூடி சொல்ல சொல்ல ரெக்கார்ட் பண்ணி, வீட்டுல தினம் கேக்கணும். வேலை செய்யும், ஆனா கஷ்டமானது. மூணு ரூம் வீட்டுல, பையன் பக்கத்து கட்டில்ல தூங்குறப்ப இத ஹெட்ஃபோன்ல கேக்க முடியுமா, அத நீங்கதான் சொல்லணும்.

அடுத்தது சிபிடி. இங்க ஒரு வேடிக்கை, காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபியும் சிபிடிதான், காக்னிட்டிவ் பிராசஸிங் தெரபியும் தமிழ்ல எழுதினா சிபிடிதான், ரெண்டும் வேற வேற. முதல் சொன்னது 1960கள்ல ஆரன் பெக் ஆரம்பிச்சது, பதட்டத்துக்கு இன்னிக்கும் அதான் முதல் மருந்து மாதிரி. ரெண்டாவத பாட்ரிசியா ரெசிக், பாலியல் வன்முறைல தப்பிச்ச பெண்களுக்காக உருவாக்கினாங்க, வழக்கமா 12 அமர்வு. நான் அத வெறும் பிராசஸிங்னு சொல்றேன், குழப்பம் வேணாம். என்னைக் கேட்டா உங்களுக்கு, அதுவும் ஆன்லைன்ல, மொதல்ல முயற்சி பண்ண வேண்டியது இதுதான். ஏன்னா இதுல நடந்த ஒவ்வொரு அடியையும் விலாவாரியா சொல்லணும்னு கட்டாயம் இல்ல, நடந்ததுக்கு அப்புறம் உங்க மனசுல சிக்கிக்கிட்டு நிக்கிற நினைப்பு என்னன்னு தேடுறாங்க. "நான் எதுத்து பேசாம இருந்திருந்தா அடிச்சிருக்க மாட்டாரு", "முதல் தடவையே வெளிய வந்திருக்கணும், முட்டாள் நான்", "இனிமே எந்த ஆம்பளையையும் நம்ப முடியாது", "என் தலையெழுத்து". இந்த ஒவ்வொண்ணையும் எடுத்து கோர்ட்டுல வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை பண்றது, எதுக்கு சாட்சி இருக்கு எதுக்கு இல்ல, அப்போ உங்க கைல எவ்வளவு காசு இருந்துச்சு, பையனுக்கு என்ன வயசு, போறதுக்கு எந்த வீடு இருந்துச்சு. எல்லாத்துக்கும் ஒர்க்‌ஷீட் இருக்கு, ஸ்க்ரீன் ஷேர் பண்ணி சேந்து நிரப்புறது நேர்ல பண்றத விட எனக்கு வசதியாவே இருக்கு. தலையெழுத்துங்கிற சொல்லு மட்டும் கொஞ்சம் பிடிவாதமானது, அதுக்கு ஒர்க்‌ஷீட்ல இடம் கிடையாது, இங்கிலீஷ்ல பயிற்சி எடுத்த தெரபிஸ்ட் அத "விதி"ன்னு மொழிபெயர்த்துக்கிட்டு தாண்டி போயிடுவாரு. நம்ம வீட்டுல அது வெறும் நம்பிக்கை இல்ல, அம்மா வாயால நூறு தடவ கேட்ட தீர்ப்பு.

இஎம்டிஆர் பத்தியும் கேட்டிருந்தீங்க, இன்ஸ்டால எல்லாரும் சொல்றாங்கன்னு. பிரான்சின் ஷாப்பிரோ 1987ல ஆரம்பிச்சது, கெட்ட ஞாபகத்த மனசுல வச்சிக்கிட்டே கண்ண இடம் வலம்னு ஆட்டுறது. ஏன் வேலை செய்யுதுங்கிறதுல இன்னும் சண்டை இருக்கு. மனசோட மேசை சின்னது, ஒரே நேரத்துல ஞாபகத்தையும் வச்சு கண்ணையும் ஆட்டினா ஞாபகத்துக்கு இடம் பத்தாம அதோட காரம் குறையுதுங்கிறது ஒரு விளக்கம், கண்ணாட்டுறதே தேவையில்ல, ஞாபகத்த எதிர்கொள்றதுதான் வேலை செய்யுதுங்கிறவங்களும் உண்டு. எப்படியோ, உலக சுகாதார நிறுவனம் 2013லயே பிடிஎஸ்டிக்கு பரிந்துரை பண்ணியிருக்கு, சும்மா ஊர் பேச்சு இல்ல. ஆன்லைன்ல ஸ்க்ரீன்ல ஒரு புள்ளி ஓடும், இல்லன்னா பட்டாம்பூச்சி அணைப்பு, ரெண்டு கையையும் மார்ல குறுக்கா வச்சு தோள்பட்டை பக்கம் மாத்தி மாத்தி தட்டிக்கிறது. 1997ல மெக்சிகோ அகபுல்கோல பவ்லின் புயல் அடிச்சப்ப தப்பிச்ச பிள்ளைங்களோட வேலை செஞ்சப்ப வந்த உத்தி அது. பழைய ஞாபகத்த கிளறாம, பதட்டமா இருக்கிறப்ப மட்டும் மெதுவா தட்டிக்கிட்டா நிறைய பேருக்கு உடம்பு கொஞ்சம் தணியுது, பையனுக்கு கூட சொல்லித் தரலாம். ஆனா தனியா உக்காந்து அந்த ராத்திரிய நினைச்சிக்கிட்டே யூடியூப் பாத்து இஎம்டிஆர் பண்றேன்னு இறங்காதீங்க, கிளறிவிட்டா அள்ளி வைக்க ஆள் வேணும்.

எந்த வகையா இருந்தாலும், நல்ல ஆளா இருந்தா முதல் சில வாரம் பழசுக்குள்ள இழுத்துட்டு போக மாட்டாங்க. அமெரிக்க மனநல டாக்டர் ஜூடித் ஹெர்மன் 1992லயே அத மூணு கட்டமா சொல்லிட்டாங்க, முதல்ல பாதுகாப்பு, அப்புறம் ஞாபகமும் துக்கமும், கடைசியா திரும்ப மனுஷங்களோட சேர்றது. முதல் அமர்வுலயே "ம், சொல்லுங்க, முதல் அடி எப்ப விழுந்துச்சு"ன்னு கேக்குறவங்ககிட்ட ரெண்டாவது தடவ போகாதீங்க. மாறா பத்து வாரமா வந்தும் "இந்த வாரம் எப்படி இருந்துச்சு"ன்னு மட்டுமே கேட்டு முடிக்கிற ஆளையும் விட்டுடுங்க, அது ஆறுதல், காசு குடுத்து வாங்குற ஆறுதல். "நீங்க என்ன முறை பண்றீங்க, எத்தன வாரம், நல்லாயிட்டு வருதான்னு எப்படி அளப்பீங்க"ன்னு கேளுங்க. பதில் சொல்ல சங்கடப்பட்டா புரிஞ்சிக்கோங்க.

தமிழ்ல கிடைக்குமான்னு கேட்டீங்களே, கிடைக்கும், ஆள் கம்மி. ஆனா இத ஏன் விடாம தேடணும்னு சொல்றேன். ஒருத்தங்க என்கிட்ட மூணு மாசம் இங்கிலீஷ்லயே பேசினாங்க, பேங்க் வேலை, நல்ல இங்கிலீஷ். "ஹீ யூஸ்ட் டு ஹிட் மீ"ன்னு வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி சொல்லுவாங்க, முகத்துல ஒண்ணுமே இருக்காது. ஒரு நாள் நான் சும்மா தமிழ்ல "என்ன சொல்லி அடிப்பாரு"ன்னு கேட்டேன். வாய திறந்தாங்க, சத்தம் வரல. அப்புறம் அவரு சொன்ன வார்த்தைய அப்படியே தமிழ்ல சொன்னாங்க, சொன்னதும் கைய வாயில வச்சு பொத்திக்கிட்டாங்க. அடி விழுந்தது தமிழ்லதான், ஞாபகமும் தமிழ்லதான் இருக்கு. இங்கிலீஷ் அவங்களுக்கு ஒரு கையுறை மாதிரி, ஆரம்பத்துல அது நல்லதுதான், சுடுற பாத்திரத்த அப்படித்தான் தூக்கணும், ஆனா கடைசி வரைக்கும் கையுறையோடவே இருந்தா அது ஆறிடுச்சான்னு தெரியவே தெரியாது. அதனால இங்கிலீஷ் தெரபிஸ்ட்தான் கிடைச்சாங்கன்னா கூட, தமிழ் வார்த்தைய தமிழ்லயே சொல்லுங்க, அவங்களுக்கு புரியலன்னாலும் பரவால்ல, அப்புறம் விளக்கலாம்.

நிறைய பேரு இப்ப சென்னை கோயம்புத்தூர்ல இருக்கிற தமிழ் தெரபிஸ்ட்ட ஆன்லைன்ல பிடிச்சிடுறாங்க, காசும் கம்மி, ரெண்டரை மணி நேர வித்தியாசம் ஒண்ணும் பெரிசில்ல. தப்பில்ல, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா இருந்தா அங்க ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னு பாருங்க. ஒரே ஒரு குறை, ராத்திரி உங்களுக்கு ஏதாச்சும் ஆனா அவங்களுக்கு இங்க யார கூப்பிடுறதுன்னு தெரியாது, பிபிஓன்னா (அடிக்கிறவர தடுக்க இங்க கோர்ட்டு தர்ற பாதுகாப்பு உத்தரவு) என்னன்னு தெரியாது, "பேசி சமாதானமா போங்களேன்"னு சொல்ற ஆளும் அங்க இருக்காங்க, இங்கயும் இருக்காங்க.

இப்ப கதவு விஷயம். ஈசூன்ல மூணு ரூம் வீடு, அம்மா, பையன், சுவரு பேப்பர் மாதிரி. என்கிட்ட வர்றவங்க உக்காந்து பேசுற இடமெல்லாம் சொன்னா சிரிப்பீங்க, பாத்ரூம்ல ஃபேன போட்டுட்டு, மல்ட்டி ஸ்டோரி கார்பார்க்ல வாடகை காருக்குள்ள, பிளாக்குக்கு பின்னாடி மாடிப்படில. வாய்ட் டெக், அதாவது பிளாக்குக்கு கீழ இருக்கிற திறந்த தளம், அது மட்டும் வேணாம், தாத்தாமாருங்க காது கூர்மை. லைப்ரரிலயும் ஆபீஸ்லயும் மீட்டிங் ரூம் கிடைச்சா நல்லது. ரூமுக்குள்ளதான்னா கதவுக்கு வெளிய ஒரு ஃபேன ஓட விடுங்க, ஹெட்ஃபோன் போட்டா அவங்க பேசுறது வெளிய கேக்காது, நீங்க பேசுறதுதான் கேக்கும். அம்மாகிட்ட முழுசா சொல்ல வேணாம், "ஆபீஸ் கோர்ஸ்மா, வியாழக்கிழமை எட்டு டு ஒன்பது கதவ தட்டாதீங்க"ன்னா போதும். நான் ஒருத்தங்களோட ரொம்ப கனமான இடத்துல இருந்தப்ப அவங்க பாட்டி உள்ள வந்து மைலோவ வச்சிட்டு "யாரும்மா இது, டீச்சரா"ன்னு என்னையே பாத்து கேட்டாங்க. நான் ஆமாம்மான்னுட்டேன். கோர்ஸ் முடிஞ்சதும் நேரா அடுப்படிக்கு போகாம பத்து நிமிஷம் கீழ இறங்கி நடந்துட்டு வாங்க, அந்த எம்ஆர்டி பயணத்துக்கு பதில் அதுதான்.

கேமராவ கொஞ்சம் தள்ளி வைங்க, கை ரெண்டும் தெரியணும். எங்களுக்கு முகத்த விட கைதான் நிறைய சொல்லும், சேலை முந்தானைய விரல்ல சுத்துறது, நகத்த கிள்ளுறது. ஒருத்தர் திடீர்னு கண்ண இமைக்காம அப்படியே எங்கயோ போயிட்டா, அது நெட் ஃப்ரீஸ் ஆச்சா ஆளே ஃப்ரீஸ் ஆயிட்டாங்களான்னு ஸ்க்ரீன்ல சட்டுன்னு தெரியாது, கை தெரிஞ்சா தெரியும்.

நெட்டு பத்தி சொல்றப்ப என் தப்பையும் சொல்லிடுறேன். ஆரம்ப காலத்துல ஒருத்தங்க ஞாபகத்தோட நடுவுல அழுதுட்டு இருக்கிறப்ப என் பக்கம் நெட் போயிடுச்சு. ஃபோன் பண்ணேன், எடுக்கல, வேற யாரோட நம்பரும் நான் வாங்கி வைக்கல, அன்னிக்கு அவங்க எந்த வீட்டுல இருக்காங்கன்னு கூட கேட்டு வைக்கல. இருபத்தஞ்சு நிமிஷம். அவங்க பாத்ரூம் தரைல உக்காந்திருந்தாங்களாம், நான் அவங்க கதைய கேக்க பிடிக்காம கட் பண்ணிட்டேன்னு நினைச்சாங்களாம். அத சரி பண்ண ஆறு வாரம் ஆச்சு. அன்னிலேர்ந்து ஒவ்வொரு அமர்வும் "இப்ப எங்க இருக்கீங்க, கூட யாரு, கட்டானா நான் கூப்பிடுறேன், நீங்க எடுக்கலன்னா யாருக்கு பேசணும்"னுதான் ஆரம்பிக்கிறேன். உங்க தெரபிஸ்ட் இத கேக்கலன்னா நீங்களே சொல்லிடுங்க.

இன்னொண்ணு, முன்னாள் புருஷனுக்கு உங்க பழைய ஃபோன் பாஸ்வேர்ட், ஈமெயில், ஐகிளவுட் எதாச்சும் தெரியுமா? தெரபி அப்பாயின்ட்மென்ட் ஈமெயில்ல வரும், காலண்டர்ல தானா ஏறும். முதல்ல புது ஈமெயில் ஒண்ணு திறங்க. அவரு இன்னும் பின்னாடி வர்றாரு, மிரட்டுறாருன்னா தெரபிக்கு முன்னாடி அத பாக்கணும், ஏன்னா நெசமாவே ஆபத்து இருக்கிறப்ப பயத்த குறைக்கிற வேலைய யாரும் செய்யக் கூடாது. குடும்ப வன்முறைக்கு 24 மணி நேரமும் 1800-777-0000, பிபிஓ எடுக்குறதுக்கு பேவ் மாதிரி நிலையங்கள் கூடவே இருந்து உதவுவாங்க.

ஆப் போதுமான்னா, துணைக்கு போதும், தனியா போதாது. மைண்ட்லைன்னு இங்க ஒரு மனநல இணையதளம் 2020லேர்ந்து இருக்கு, காசு இல்ல, பேரு சொல்ல வேணாம், பயிற்சிங்க நல்லாவே இருக்கு. பிடிஎஸ்டி கோச்னு அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்காக அவங்க அரசாங்கம் பண்ண இலவச ஆப் ஒண்ணு இருக்கு, விளம்பரம் கிடையாது, ராத்திரி மூணு மணிக்கு கைல எடுக்க நல்லது. ஏஐ சாட்பாட்டுக்கிட்ட கொட்டுறவங்க இப்ப ரொம்ப பேரு. 1966லயே எம்ஐடில வைசன்பாம் எலிசான்னு ஒரு ப்ரோக்ராம் எழுதினாரு, நாம சொன்னதையே கேள்வியா திருப்பி கேக்கும், அவ்வளவுதான் அதுக்கு தெரியும், அதுக்கே ஜனங்க மனச திறந்துட்டாங்க, எழுதின ஆளே பயந்துட்டாரு. இன்னிக்கு இருக்கிறது அத விட ஆயிரம் மடங்கு நல்லா பேசுது, அதான் என் கவலை. நீங்க லிஃப்ட்ல ஏற பயமா இருக்குன்னா அது மாடிப்படில போங்க பரவால்லன்னு ரொம்ப அன்பா சொல்லும். பன்னெண்டாவது மாடிக்கு வருஷம் முழுக்க ஏறிக்கிட்டு இருப்பீங்க. நான் அப்படி சொல்ல மாட்டேன், அடுத்த வாரம் ஒரு மாடி மட்டும் லிஃப்ட்ல போலாமான்னு நச்சரிப்பேன்.

காசு. தனியார்ல ஒரு மணி நேரத்துக்கு நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல, இருநூற தாண்டுறதும் சாதாரணம். அத்தன முடியாதுன்னா அரசாங்க பாலிகிளினிக் போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அங்கேர்ந்து ரெஃபரல் வாங்கினா மானிய விலை, காத்திருக்கணும், ஆனா நடக்கும். குடும்ப சேவை நிலையத்துல காசே கிடையாது, இந்தியர் மேம்பாட்டு சங்கமான சிண்டால தமிழ்ல பேச ஆள் உண்டு. கவுன்சலர்னா சிங்கப்பூர் கவுன்சலிங் சங்கத்தோட பதிவுல பேரு இருக்கான்னு பாருங்க, அத பாக்க ரெண்டு நிமிஷம் ஆகும். வெளிநாட்டு தொழிலாளர் டார்மிட்டரில இருக்கிற தம்பிமார் யாராச்சும் இத படிச்சா, ஹெல்த்சர்வ் அமைப்புல தமிழ்ல பேசலாம், பன்னெண்டு பேரு ரூம்ல வீடியோ முடியாது, ஆனா நடந்துக்கிட்டே ஃபோன்ல பேசுறதும் தெரபிதான்.

ஸ்க்ரீன் வேணாம், நேர்லதான் போகணும்னு நான் சொல்றது சில சமயம்: செத்துடலாம்னு நினைப்பு வந்து வழியும் யோசிக்க ஆரம்பிச்சிட்டா, பயத்துக்கு தினம் குடிக்க ஆரம்பிச்சிட்டா, நேரம் காணாம போகுதுன்னா, அதாவது எப்ப கிச்சனுக்கு வந்தோம்னே தெரியாம நிக்கிறது. முதல் சொன்னதுக்கு காத்திருக்கவே வேணாம், 1767 எஸ்ஓஎஸ் (தற்கொலை தடுப்பு லைன்), இல்ல 1771 (மனநல உதவி லைன்), ரெண்டும் நாள் முழுக்க. இங்க தற்கொலை முயற்சி இப்ப குற்றம் இல்ல, 2020லேர்ந்து சட்டம் மாறிடுச்சு, போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு பயந்து வாய மூடிக்கிட்டு இருந்தவங்கள நான் பாத்திருக்கேன், அதனால சொல்றேன்.

அம்மா வீரமாகாளியம்மன் கோயிலுக்கு போ, கயிறு கட்டிக்கோன்னு சொல்றாங்க, எரிச்சலா வருதுன்னீங்க. போங்களேன். அவங்களுக்கு தெரிஞ்ச பாஷைல "நீ பயந்திருக்கன்னு எனக்கு தெரியுது"ன்னு சொல்றாங்க. கயிறும் இருக்கட்டும் வியாழக்கிழமையும் இருக்கட்டும். திரும்பி வர்றப்ப தேக்கால ரெண்டு பேருமா ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, கூட்டத்துல பத்து நிமிஷம் நின்னதும் கணக்குல சேரும்.

கடைசி கேள்வி, முதல் நாளே எல்லாத்தையும் சொல்லணுமா. வேணாம். முதல் மெசேஜ் எழுதவே ஒரு வாரமா கை வரலன்னீங்க, இத அப்படியே காப்பி பண்ணிக்கோங்க: "வணக்கம், முன்னாடி நடந்த குடும்ப வன்முறையால எனக்கு பயமும் தூக்கமின்மையும் இருக்கு. இப்ப பாதுகாப்பா இருக்கேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல வீடியோல பேச முடியும், தமிழ் தெரிஞ்சா நல்லது. நடந்தத பத்தி உடனே பேச தயாரா இல்ல. நீங்க இந்த மாதிரி பிரச்சனைக்கு என்ன முறை பயன்படுத்துறீங்க?" இவ்வளவு போதும். முதல் நாள் கேட் சத்தத்த பத்தி மட்டும் பேசுங்க, அவர பத்தி ஒரு வார்த்த வேணாம். முடியலன்னா கேமராவ ஆஃப் பண்ணிட்டு பேசுங்க, நான் அப்படி முதல் மூணு வாரம் ஒரு கறுப்பு கட்டத்தோட பேசியிருக்கேன், நாலாவது வாரம் கட்டத்துல ஒரு சீலிங் ஃபேன் தெரிஞ்சுது, அஞ்சாவது வாரம் நெத்தி.